கீழே கடை, மேலே வீடு, நடுவில் என் நாத்தனார்

என் நாத்தனார் எந்த வயதில் இரண்டாவது முறை கல்லூரிக்குப் போனாள் என்று சொன்னால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பு முறிந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், இவர்களையெல்லாம் மறுபடி நடக்க வைப்பதுதான் வேலை. "நீட்டுங்க, மடக்குங்க, இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. என் மகள் பேசப் பழகிய காலத்திலேயே அவளுக்கு நீட்டுமடக்கு அத்தை என்று பெயர் வைத்துவிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

யார் நடந்து வந்தாலும் அவள் கண் நேராக இடுப்புக்கும் முட்டிக்கும்தான் போகும். என் கடைக்குத் துணி போட வருகிறவர்களிடம், "பைய அந்தப் பக்கத் தோள்ல மாட்டுங்க, இடுப்பச் சாய்ச்சு நடக்கறீங்க பாருங்க" என்பாள். சட்டையை வெளுக்கக் கொடுக்க வந்தவர் வைத்தியம் வாங்கிக்கொண்டு போவார். எனக்கு மானம் போகும். ஆனால் அப்படிப் போனவர்கள் அடுத்த முறை வந்தால் முதலில் அவளைத்தான் விசாரிப்பார்கள், என்னை ஒரு மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கீழே என் லாண்டரி. மேலே வீடு. நடுவில் ஒடுக்கமான ஒரு படிக்கட்டு. படிக்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் துணி காயவைக்கும் டிரையர்கள் ஓடுகின்றன. அதனால் அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே ஹாலில் ஒரு பெரிய சோபா கிடக்கிறது, நான் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டது. ஒரு ஆள் அதில் உட்கார வேண்டுமே! என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்ததும் மூன்றாவது படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். கழற்றிய பிறகும் எழுந்திருக்க மாட்டார். கிளட்சை மிதித்து மிதித்துக் கெட்டுப்போன முட்டியைத் தடவிக்கொண்டு அங்கேயே இருப்பார். அவருக்கு மேலே கொஞ்சம் தள்ளி என் மகள், மடியில் புத்தகத்தோடு. அதற்கும் மேலே நாத்தனார், காபியோடு.

நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் அலைகிறவள். தைக்க வேண்டியது, பொத்தான் வைக்க வேண்டியது எல்லாம் மேலே, வெளுப்பது கீழே. ஒவ்வொரு தடவையும் கத்துவேன்.

"வழியில உக்காராதீங்கன்னு எத்தனை தடவதான் சொல்றது! மேல அவ்ளோ பெரிய சோபா கெடக்குதே, அது என்ன கடிக்குதா?"

அவர் சுவரோடு சாய்வார், மகள் முட்டியை மடக்கிக்கொள்வாள், நாத்தனார் கப்பைத் தூக்கிப் பிடிப்பாள். நான் போவேன். ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

என் மகள் பள்ளியை முடித்ததும் ஆர்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் வந்து சுற்றிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்குக் கடை, அவருக்கு டியூட்டி. அதனால் நாத்தனாரைத் துணைக்கு அனுப்பினேன். துணைக்குப் போனவள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். படிக்கப் போகிறவளோ காலணி கடித்த வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அன்றைக்கே லேசாகச் சந்தேகம்.

அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்மணி இவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். பள்ளியிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு ஐந்து வருஷ இளங்கலை. அதை முடித்தால் அப்புறம் அலுவலகத்தில் பயிற்சி, பரீட்சை, உரிமம் என்று போகலாம். இதே துறையில் நாலு வருஷப் படிப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வருஷ முதுகலை. அதெல்லாம் சரி. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் எங்கள் வீட்டுக்கு வினையாக வந்து சேர்ந்தது. வேறு எந்தத் துறையில் டிகிரி வாங்கியவர்களும் சேரக்கூடிய மூன்று வருஷ முதுகலை. சட்டம் படித்தவர் வரலாம், கணக்கு படித்தவர் வரலாம். முட்டியை நீட்டி மடக்குகிறவர்களும் வரலாம்.

மகள் ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்தாள். படிக்கட்டு முழுக்க அட்டைத் துண்டும் பசையும். நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இது என்ன கோடு? இந்தச் சுவர் ஏன் இவ்ளோ தடிமனா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அண்ணி, நானும் சேரலாம்னு இருக்கேன்."

"எதுல?"

"ஆர்கிடெக்சர்ல."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. மகள் துள்ளிக் குதித்தாள். "அத்தை, எங்க கோர்ஸுக்கே வந்துருங்க! எனக்கு ஜூனியரா இருங்க. நான் ராகிங் பண்றேன்!"

"அஞ்சு வருஷமாடி? நான் முடிக்கறதுக்குள்ள எனக்கே வாக்கர் வேணும்" என்றாள் நாத்தனார்.

சிரித்தோமே தவிர, அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே மண்டையை உடைத்துக்கொண்டாள். ஐந்து வருஷப் படிப்பில் எல்லாமே நிதானம். கையைப் பிடித்துக் கோடு போடச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு ஸ்டுடியோவில் தேறாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி செய்யலாம். ஸ்டுடியோ என்றால் அறை மட்டுமில்லையாம், ஒரு பருவம் முழுக்க ஒரே கட்டடத்தை யோசித்து வரைகிற பாடத்துக்கும் அதுதான் பெயர். மூன்று வருஷப் படிப்பிலோ, சின்னப் பிள்ளைகள் முதல் இரண்டு வருஷத்தில் ஆற அமரக் கற்பதை ஒரே வருஷத்தில் திணித்துவிடுவார்கள். அந்த முதல் வருஷக் கடைசி ஸ்டுடியோவில் தேறாவிட்டால் இடமே போய்விடும். மறுவாய்ப்பு கிடையாது.

என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். எனக்குத் தெரிந்த பாஷையில்தானே நான் சொல்ல முடியும்?

"அஞ்சு வருஷம்னா ஊற வச்சுத் துவைக்கிறது. மூணு வருஷம்னா டிரைகிளீனிங். ரெண்டுலயும் அழுக்கு போயிரும். ஆனா டிரைகிளீனிங்ல துணி சுருங்கிப்போச்சுன்னா கடைக்காரி பொறுப்பில்ல, ஆமா."

அவள் டிரைகிளீனிங்கையே தேர்ந்தெடுத்தாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். அவள் நாற்காலி சூடு ஆறுவதற்குள் வேறொருத்தியை அங்கே வைத்துவிட்டார்கள். அதாவது, இங்கே இடம் போனால் அங்கேயும் இடமில்லை. என் வீட்டுக்காரர் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "அவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, நல்லா சாப்பாடு போடு" என்றார்.

அடுத்து வந்த மாதங்களில் அந்தப் படிக்கட்டில் நடந்த வாக்குவாதத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒரே கட்டடத்தில், ஒரே பாடத்துக்கு, இரண்டு விதமான கூட்டம் படித்தது. மகளுடைய வகுப்பில் எல்லாம் இளசுகள். கை பறக்கும். கம்ப்யூட்டரில் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு மாளிகை எழும்பிவிடும். நாத்தனாருடைய வகுப்பில் ஒரு வக்கீல், ரொட்டிக்கடை நடத்தியவர் ஒருவர், வயலின் வாத்தியார் ஒருவர். எல்லாரும் பேச்சில் சூரர்கள்.

"அம்மா, அவங்க கிளாஸ்ல ஒரு கோடு போடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பேசறாங்கம்மா. அந்த நேரத்துல நாங்க பத்து வீடு கட்டிருவோம்" என்பாள் மகள்.

"கட்டுவீங்க, கட்டுவீங்க. பத்துலயும் பாத்ரூமுக்குக் கதவு இருக்காது" என்பாள் நாத்தனார்.

"உங்க கோடு நேரா இருக்கா, அத மொதல்ல பாருங்க!"

நேராக இருக்காது, அதுதான் உண்மை. பக்கவாதக்காரரைப் பிடித்து நிறுத்திய கை, பேப்பரில் ஒரு ஜன்னலை நிறுத்த முடியாமல் தவித்தது. அட்டை வெட்டும் கத்தியில் விரலை வெட்டிக்கொண்டு வந்து நிற்பாள், நான் கட்டுப் போடுவேன். ஆனாலும் ஒன்று சொல்வேன், அவள் முகத்தில் அந்த மாதிரி ஒரு களையை ஆஸ்பத்திரிக் காலத்தில் நான் பார்த்ததே இல்லை. காய்கறி வாங்க அனுப்பினால் வழியில் ஏதாவது ஒரு வாசலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். வெறும் பையோடு திரும்பி வந்து கதவுப் பிடியைப் பற்றிப் பேசுவாள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

கடைசிப் பருவத்தில் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினார்கள். இளங்கலை இரண்டாம் வருஷமும் முதுகலை முதல் வருஷமும் சேர்ந்து ஒரே ஸ்டுடியோ. அதாவது என் மகளும் என் நாத்தனாரும் ஒரே அறையில், அடுத்தடுத்த மேஜையில். கொடுத்த வேலை என்ன தெரியுமா? தெருமுனையில் ஒரு வீடு. குறுகலான மனை. கீழே கடை, மேலே வீடு, ஒரு சின்னக் குடும்பம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்ம வீடுதானே! ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டு வரைஞ்சு குடுத்துட்டு வாங்கடி."

அவ்வளவு சுலபம் என்றுதான் நினைத்தேன். பாதிப் பருவத்தில் ஜூரி வந்தது. ஜூரி என்றால், வரைந்ததையெல்லாம் சுவரில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆசிரியர்களும், வெளியிலிருந்து வந்த ஆர்கிடெக்ட்டுகளும் எதிரே உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக் குடைவார்கள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குள் நுழைந்த தினுசே சரியில்லை. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். நாத்தனார் எங்களைத் தாண்டி நேரே மேலே போய்விட்டாள். படியில் உட்காரக்கூட இல்லை.

"என்னடி ஆச்சு?"

"அத்தை வரைஞ்ச வீட்ல லிஃப்ட் இருக்கும்மா. சரிவா ஏறுற ராம்ப் இருக்கு. அந்த ராம்ப் பாதிக் கடையத் தின்னுருச்சு. சுவர் பூரா கைப்பிடி. கட்டிலச் சுத்தி வீல்சேர் திரும்ப இடம். எல்லாம் பக்காவா அளவு போட்டிருக்காங்க. ஜூரில ஒருத்தர் கேட்டாரு, 'இந்த வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?'ன்னு."

"அதுக்கு இவ என்ன சொன்னா?"

"'இன்னும் யாருக்கும் இல்ல'ன்னாங்க."

அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நானும் மகளும் இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஜூரியிலும் அப்படித்தான் சிரித்தார்களாம். அப்புறம் அந்த ஸ்டுடியோ ஆசிரியை சிரிக்காமல் ஒன்று சொல்லியிருக்கிறாள். "நீங்க வரைஞ்சது நல்ல ஆஸ்பத்திரி. நான் கேட்டது வீடு. கடைசி ஜூரிலயும் இது ஆஸ்பத்திரியா வந்தா என்னால உங்கள மேல அனுப்ப முடியாது." மகள் இதைச் சொன்னதும் எங்கள் இருவர் சிரிப்பும் நின்றுபோனது.

"உன்னுது எப்படி?" என்று கேட்டேன்.

"என்னுது சூப்பர்னாங்க. கண்ணாடி, வெளிச்சம், எல்லாம் பிரமாதம்னாங்க. ஆனா..."

"ஆனா?"

"துணி எங்க காயப்போடுவாங்கன்னு கேட்டாங்க. நான் அத யோசிக்கவே இல்ல."

எனக்கு வந்ததே கோபம்! லாண்டரிக்காரி மகள், பிறந்ததிலிருந்து ஈரத்துணிக்கு நடுவில் வளர்ந்தவள், துணி காயப்போட இடமில்லாமல் ஒரு வீடு கட்டியிருக்கிறாள். வெளியில் சொன்னால் என் கடைக்கு யார் வருவார்கள்? அவளுக்கென்ன, இளங்கலை. திருத்திக் கொடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி செய்வாள். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவளுக்குத்தான் மறுவாய்ப்பு இல்லை.

நாத்தனார் மறுநாளிலிருந்து லிஃப்ட்டை எடுத்தாள், கைப்பிடியை எடுத்தாள், ராம்ப்பை எடுத்தாள். எடுத்ததும் அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் பெட்டி. படிக்கட்டு போட வேண்டிய இடத்தில் பென்சில் நின்றுவிடும். ஒரு மத்தியானம் என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

"அண்ணி, எங்கிட்ட வந்தவங்கள்ல பாதிப் பேர் படியில விழுந்தவங்க. படி வரைஞ்சாலே எனக்கு அவங்க மூஞ்சிதான் தெரியுது. என்னால இது முடியாது போல. வேற ஆஸ்பத்திரி ஏதாவது பாக்கறேன்."

ஆறுதல் சொல்லும் வாய் எனக்கு இல்லை. "மொதல்ல சாப்பிடு" என்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கடை பாதி நேரம்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகள் வந்திருந்தன. டிரையர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. படிக்கட்டில் வழக்கம்போல மூன்று பேரும். நாத்தனார் காபியை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். நான் கிழிசல் விரிப்புகளைத் தைக்கத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வழக்கம்போலக் கத்தினேன். அவர் சாய்ந்தார், மகள் மடங்கினாள், நாத்தனார் கப்பைத் தூக்கினாள். நான் மேலே போய்ச் சேர்ந்ததும் குரல் வந்தது.

"அண்ணி, கொஞ்சம் கீழ எறங்கி, மறுபடி ஏறி வாங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். மூட்டையோட."

"உனக்கு என்ன, வேலை இல்லையா?"

"அண்ணி, ப்ளீஸ்."

இறங்கினேன், ஏறினேன். மறுபடி என்றாள். மறுபடி இறங்கினேன், ஏறினேன். அவள் கப்பை எங்கேயோ வைத்துவிட்டு, டேப்பை எடுத்து என் வீட்டுக்காரர் முட்டிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே பிடித்தாள். அவர் நீட்டியிருந்த காலை அளந்தாள். மகளை மடங்கச் சொல்லி அளந்தாள். மூட்டையோடு சேர்த்து என் இடுப்பையும் அளந்தாள், அந்த எண்ணை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

"நான் என்ன உன் பேஷண்டா? ஹோட்டல்காரன் துணிக்கு வந்து நிப்பான், அவனுக்கு நீயா பதில் சொல்வே?" என்று கத்திவிட்டுத் தையல் மிஷினுக்குப் போய்விட்டேன். பின்னால் மூன்று பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். நாத்தனார் என்னவோ கேட்டாள். என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். கீழே கடை மணி அடித்தது, நான் அதை அப்படியே மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நாத்தனாரைப் பிடிக்க முடியவில்லை. ஆள் எங்கே என்றால் ஸ்டுடியோவில் என்பார்கள். மகள் அவளுக்கு அட்டை வெட்டிக் கொடுத்தாள், அவள் மகள் வரைந்த வீட்டில் துணிக்கொடி எங்கே வெயில் படும் என்று பார்த்துச் சொன்னாள். வெட்டிக்கொடுத்ததற்குக் கூலியாக மகள் என் கையால் இரண்டு பாவாடை தைத்து வாங்கிக்கொண்டாள். அதில் நான் எங்கே வந்தேன் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் கணக்கு அப்படித்தான்.

கடைசி ஜூரிக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். கடையைச் சாத்திவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். பெரிய அறை. சுவரெல்லாம் படங்கள், மேஜையெல்லாம் அட்டை வீடுகள். உட்கார நாற்காலி இருந்தும் நான் பின்னால் நின்றேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேர்வு எழுதுவது நானா அவளா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

மகள் முறை முதலில். மொட்டை மாடியில் துணி காயவைக்க அழகாக ஒரு முற்றம் போட்டிருந்தாள். லாண்டரி மானம் தப்பியது. ஆனால் தூண் நிற்கும் கணக்கு இடிக்கிறது, விடுமுறையில் சரிசெய்து கொடு என்றார்கள். அவள் ஜாலியாகத் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஊற வைத்துத் துவைக்கிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

பிறகு நாத்தனார். கோடுகள் இன்னும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தன. ஆனால் அவள் நிமிர்ந்து நின்றாள். வீட்டை ஒரு கேக்கைப் போல நடுவில் வெட்டிக் காட்டிய பெரிய படம். கீழே கடை, மேலே வீடு. நடுவில் ஒரு படிக்கட்டு. அதுதான் அந்த வீட்டிலேயே அகலமான இடம். ஒரு பக்கம் ஏறி இறங்க. மறுபக்கம், அங்கங்கே ஒரு படி மட்டும் ஆழமாக, உட்காருவதற்கென்றே. படிக்கட்டை ஒட்டிய சுவருக்குப் பின்னால் கடையின் சூடான இயந்திரங்கள். ஒரே ஒரு கைப்பிடி.

பழைய ஜூரியில் கேட்ட அதே மனிதர் கேட்டார். "இந்தத் தடவ யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லையா?"

"அண்ணனுக்கு முட்டி வலி. காலை நீட்டி உட்கார அவருக்கு ஆழமான ஒரு படி போட்டிருக்கேன். லிஃப்ட்டுக்கு அலமாரிக்குப் பின்னால இடம் விட்டிருக்கேன். வேணும்கறப்போ வச்சுக்கலாம். இப்ப வேண்டாம்."

ஆசிரியை முன்னால் வந்து படத்தைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு புரியல. மேல நல்ல ஹால் இருக்கு, சோபாவும் போட்டிருக்கீங்க. அத விட்டுட்டு இவங்க ஏன் படியில உக்காரணும்?"

நாத்தனார் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"இதே கேள்விய நான் எங்க வீட்ல கேட்டேன். பல வருஷமா நானும் அவங்களோட அதே படியில உக்காந்திருக்கேன், ஆனா ஏன்னு யோசிச்சதே இல்ல. எங்க அண்ணன்தான் சொன்னாரு. 'சோபால உக்காந்தா உங்க அண்ணிய எப்பப் பாக்கறது? அவ எங்கயும் உக்கார மாட்டா. இந்தப் படியில மட்டும்தான் எங்க பக்கத்துல வருவா. திட்டிக்கிட்டே போனாலும் பரவால்ல, தொட்டுக்கிட்டுப் போறா இல்ல'ன்னாரு. அந்த வீட்ல எல்லாரும் ஒருத்தங்களுக்காகத்தான் அங்க உக்காந்திருக்காங்க. அதனால படிக்கட்டத்தான் நான் ஹாலா போட்டிருக்கேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊர் பேர் தெரியாத இத்தனை பேருக்கு முன்னால் என் வீட்டுக் கதையா என்று. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அவர்களை வழிமறிக்கிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. மறைக்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்? அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆசிரியை நாத்தனாரின் அட்டை வீட்டுக்குள் குனிந்து பார்த்தாள். அந்தப் படிக்கட்டில் நகத்தளவு அட்டை மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பொம்மை, முதுகில் மூட்டையோடு. எங்கள் கடையில் துணிக்குக் கட்டும் மஞ்சள் சீட்டைக் கசக்கி அந்த மூட்டையைச் செய்திருந்தாள்.

"இது வீடு" என்றாள் ஆசிரியை. "அடுத்த வருஷம் கோடு போடக் கத்துக்கோங்க."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் அது பாராட்டா திட்டா என்று எனக்கு விளங்கவில்லை. என் மகள் எழுந்து விசிலடித்ததும்தான் புரிந்தது. வக்கீலும் ரொட்டிக்கடைக்காரரும் நாத்தனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"கோவமா அண்ணி?"

"என் இடுப்பு அளவ எங்கயாவது எழுதி மாட்டியிருக்கியா?"

"இல்ல அண்ணி, சத்தியமா."

"அப்ப கோவம் இல்ல" என்றேன்.

இப்போது அவள் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் முடிக்கிறீர்களே என்று மகள் தினமும் அவளோடு சண்டை போடுகிறாள். கோடு முன்னைக்கு இப்போது தேவலாம். வாடிக்கையாளர்களின் இடுப்பைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. இப்போது கூடவே அவர்கள் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்கிறாள்.

ஜூரி நடந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் நான்தான் முதலில் உள்ளே போனேன். சாத்தி வைத்த கடை, அவசரமாகக் கொடுக்க வேண்டிய துணி ஒரு மூட்டை. அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நடுப்படிக்கு வந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுவர் இன்னும் வெதுவெதுவென்றுதான் இருந்தது. காலையில் நான் ஓட்டிவிட்டுப் போன டிரையரின் சூடு. முதுகுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சுகத்தை இவர்கள் மட்டும் அனுபவித்திருக்கிறார்கள், என்னிடம் ஒருத்தராவது சொன்னார்களா?

கீழே கதவு திறந்தது. மூன்று பேரும் அட்டை வீடுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் குரலிலேயே கத்தினார்.

"வழியில உக்காராதீங்கன்னு எத்தனை தடவதான் சொல்றது!"

நான் எழுந்திருக்கவில்லை. சுவரோடு சாய்ந்து, முட்டியை மடக்கிக்கொண்டேன்.